கவலைக்கு மாலை ஐந்தரை மணி

குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்றால் குரங்குதான் முதலில் வந்து நிற்கும். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் "வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்" என்று ஆட்களிடம் சொல்லிச் சோதித்துக் கண்டதும் இதையேதான். ஆகவே கவலையை விரட்ட வேண்டாம், தள்ளிப்போடுங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழுவினர் 1983-ல் வெளியிட்ட முறை இது. மனநல ஆலோசகர்கள் இன்றும் கற்றுத்தருகிறார்கள்.

கவலைப்படவென்றே தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம். மாலை ஐந்தரை நல்ல நேரம். மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். கட்டிலும் சாப்பாட்டு இடமும் வேண்டாம்; அங்கே உட்கார்ந்து கவலைப்பட்டுப் பழகினால் படுத்தாலே கவலை தொடங்கிவிடும். இரவு ஒன்பதுக்கு மேல் வைத்தாலும் தூக்கம் போகும்.

பகலில் கவலை தலைதூக்கினால் கையடக்க நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். "பணம்" என்று மொட்டையாக எழுதினால் மனம் விடாது. "நகைக்கடன் வட்டி, 15-ம் தேதி" என்று எழுதினால்தான் பத்திரமாக வைத்துவிட்டோம் என்று விடும். பிறகு கையில் இருந்த வேலைக்கே திரும்புங்கள். முதல் வாரம் அதே கவலை நாளுக்கு இருபது தடவைகூட வரும். முறை பலிக்கவில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். வரட்டும், அதே வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டால் போதும்.

மாலையில் நோட்டைத் திறந்தால் சில வரிகள் சப்பென்று இருக்கும், அடித்துவிடுங்கள். மற்றதைப் பிரியுங்கள். செய்ய ஏதாவது இருக்கிறதா? அப்படியானால் அடுத்த ஒரே ஒரு காரியத்தை நாளோடு எழுதுங்கள்: "புதன் காலை வங்கிக்குப் போய்த் தவணை கேட்பது". "ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏதாவது வந்துவிட்டால்?" போன்றவற்றுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. பயப்படுவது எது என்று முழு வாக்கியமாக எழுதி, பதில் தேடாமல் விடுங்கள். அலாரம் அடித்ததும் எழுந்து கீரை ஆய்வது, துணி மடிப்பது என்று கைவேலையில் இறங்குங்கள்.

இதைக் கெடுப்பது சரிபார்க்கும் பழக்கம். பையன் டியூஷனுக்குப் போய்ச் சேர்ந்தானா என்று மூன்று தடவை போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் சில நிமிட நிம்மதிதான். அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும். ஒரு போனோடு நிறுத்துங்கள். நோய் அறிகுறியை இணையத்தில் தேடுவதும் இதே ரகம். மதியத்துக்கு மேல் காபியையும் விட்டுப்பாருங்கள்; காஃபீன் தரும் படபடப்பைக் கவலை என்றே மனம் எடுத்துக்கொள்ளும்.

நெஞ்சு படபடத்தால் மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம். ஆழமாக, வேகமாக இழுக்காதீர்கள்: கரியமிலவாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். நெஞ்சுவலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் மூச்சுப்பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெரும்பாலான நாட்கள் கவலையிலேயே ஆறு மாதம் போனால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரியும். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மாலைவரை தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.