சென்னைத் தெருக்களில் காம்பஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனில் மேப்பைத் திறந்தால் நாம் நிற்கும் இடத்தை நீலப்புள்ளி ஓரளவு சரியாகவே காட்டிவிடும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதில்தான் அது தடுமாறும். ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை மாதிரி சுரங்க மெட்ரோ நிலையங்களில் மேலே ஏறி வந்தவுடன் ஒரு திசையில் விறுவிறுவென நடந்து, அப்புறம் "அடடா, எதிர்ப்பக்கம்" என்று திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன காம்பஸுக்கு இது அரை நிமிட வேலை. ஆனால் அதை எங்கே நின்று பார்க்கிறோம், அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பெரிய தவறு, இரும்புக்குப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்ப்பது. மெட்ரோ வாசலிலேயே பார்ப்பார்கள், மேம்பாலத்து நிழலில் பார்ப்பார்கள், பிளாட்பாரத்து ஈ.பி. பாக்ஸ் மேலேயே வைத்தும் பார்ப்பார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, நிறுத்தி வைத்த கார், கடையின் ஷட்டர் எல்லாமே முள்ளைத் தம் பக்கம் இழுக்கும். ஆட்டோ, பஸ்ஸுக்குள் இருக்கும்போது அதை வெளியே எடுக்கவே வேண்டாம். நம்மிடமும் ஆபத்து உண்டு: போனின் ஸ்பீக்கர், இயர்பட்ஸ் டப்பா, கைப்பையின் காந்தப் பட்டன். ஒரு கையில் போனையும் மறு கையில் காம்பஸையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுகிறவர்களுக்கு இரண்டுமே பொய் சொல்லும். சாலையோரம் கொஞ்சம் திறந்த இடத்துக்கு நகர்ந்து ஒரு முறை பாருங்கள். பத்தடி தள்ளிப் போய் இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

மின்சார ரயிலின் மேல்கம்பியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அது மாறுமின்சாரம், நொடிக்கு 50 சுழற்சி. அந்த வேகத்துக்கு முள்ளால் ஆட முடியாது. ஸ்டேஷனில் கெடுப்பது தண்டவாளமும் ரயில் பெட்டியும்தான்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் ஹால் நடுவே போன் காம்பஸை நீட்டி, "இது கிழக்கு பார்த்த வீடே இல்லை" என்று புரோக்கரோடு வாதாடுவதும் இதே கதைதான். போனுக்குள் இருப்பதும் காந்தப்புலத்தை அளக்கும் சில்லுதான், தளத்துக் கம்பி அதையும் ஏமாற்றும். தெருவுக்கு வந்து பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

அடுத்தது, காம்பஸ் வழி சொல்லும் என்று நினைப்பது. அது திசையை மட்டும்தான் சொல்லும். போக வேண்டிய இடம் எதற்கு எந்தப் பக்கம் என்பது கிளம்பும் முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாம்பலம் ஸ்டேஷனில் ரங்கநாதன் தெரு கிழக்கே, அயோத்தியா மண்டபம் மேற்கே. இவ்வளவு தெரிந்தால் போதும். இந்த விஷயத்தில் சென்னை நல்ல ஊர். கிழக்கே கடல், மேற்கிலிருந்து கிழக்காகக் கூவமும் அடையாறும், வடக்கு தெற்காகப் பக்கிங்காம் கால்வாய். திருவல்லிக்கேணிச் சந்துகளில் எங்கே மாட்டிக்கொண்டாலும் கிழக்கே போய்க்கொண்டிருந்தால் கடற்கரையோரக் காமராஜர் சாலை வந்தே தீரும். நடுவே கால்வாய் குறுக்கிடும், பாலம் தேடிச் சற்றுச் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சாலையை வைத்துத் திசையை ஊகிப்பதில்தான் உள்ளூர்க்காரர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். கிண்டியிலிருந்து அண்ணா சாலையில் கோட்டை நோக்கிப் போனால் வடக்கே போகிறோம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மொத்தத்தில் அந்தச் சாலை வடகிழக்காகச் சாய்ந்து போகிறது. அதை நேர் வடக்கு என்று மனதில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருக்களில் புகுந்தால், எல்லாக் கணக்கும் 40 டிகிரி போல விலகும். பெரிய கோபுரம் இருக்கும் பக்கம்தான் சுவாமி பார்க்கும் பக்கம் என்று நம்புவதிலும் கவனம் வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பெரிய கோபுரம் கிழக்கே இருக்கிறது, சுவாமி பார்ப்பதோ மேற்கே, குளம் இருக்கும் பக்கம்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி, முள் காட்டும் காந்த வடக்குக்கும் வட துருவம் இருக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தச் சொல்லும். அமெரிக்காவின் சியாட்டிலில் அது சுமார் 15 டிகிரி, அங்கே திருத்தித்தான் ஆக வேண்டும். சென்னையில் ஒன்றிரண்டு டிகிரிதான். ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டருக்கு 17 மீட்டர் விலகல். தெருவில் நடக்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எட்டுத் திசைகளில் எது என்று தெரிந்தால் போதும்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்த காம்பஸ் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். லண்டன் பக்கம் காந்தப்புலம் 66 டிகிரி அளவுக்குத் தரையை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவைச் சமாளிக்க முள்ளின் தென்முனையில் கொஞ்சம் எடை சேர்த்திருப்பார்கள். காந்தப்புலம் சரியாமல் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி அருகே போவதால் சென்னையில் இந்தச் சரிவு மிகக் குறைவு. விளைவு, தென்முனை தாழ்ந்து அடியில் உரசி முள் சிக்கிக்கொள்ளும். கையைச் சற்றே சாய்த்து, முள் தாராளமாகச் சுழலும் நிலையில் பிடித்துப் பாருங்கள்.

வாங்கியதும் சோதித்துப் பார்க்காமல் இருப்பதும் தவறு. உச்சி வெயில் நிழலை வைத்துச் சோதிக்க வேண்டாம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். பெசன்ட் நகர் கடற்கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். வடக்கைக் காட்டும் சிவப்பு முனை இடது கைப் பக்கம் நிற்க வேண்டும். வலது பக்கம் காட்டினால், ஏதோ ஒரு வலுவான காந்தத்தோடு கிடந்து முனைகள் மாறிப்போயிருக்கலாம். மலிவான சாவிக்கொத்துக் காம்பஸ்களில் இது நடக்கக்கூடியதுதான். திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள். புதியதை இயர்பட்ஸ் இருக்கும் பையில் மட்டும் போடாதீர்கள்.