மரக்கடைக்காரன் சொல்லும் அதிரப்பள்ளி வழி

சென்னை சூளையில் மரக்கடை வைத்திருக்கிறேன். கேரளத்து அதிரப்பள்ளி அருவிக்குப் போவதாக யார் சொன்னாலும், அருவியோடு திரும்பிவிடாதீர்கள் என்பேன்.

சென்ட்ரலில் ராத்திரி ஆலப்புழை எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சாலக்குடி. அருவி அங்கிருந்து 30 கிலோமீட்டர். பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், சாலக்குடி ஆறு அந்தப் பக்கம்தான். மே மாதம் வேண்டாம். முதல் தடவை அப்படிப் போய், பாறையைப் பார்த்துவிட்டு வந்தோம். செப்டம்பர் முதல் ஜனவரி வரை நல்லது.

24 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. அடிவாரம்வரை செங்குத்தாக இறங்க வேண்டும், முட்டிவலிக்காரர்கள் மேலிருந்தே பார்க்கலாம். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். எங்கள் தயிர்சாதத்தைக் குரங்குதான் சாப்பிட்டது. டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள், 5 கிலோமீட்டர் தள்ளி வாழச்சால் அருவியிலும் கேட்பார்கள். அங்கே பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்துக்கொண்டு ஓடும். பார்க்கச் சாது. மேலே பொரிங்கல்குத்து அணை இருக்கிறது, தண்ணீர் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. கால்கூட நனைக்காதீர்கள்.

என் தொழில் விஷயம் இனிமேல்தான். ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளி, இதே மலைகளில் கொச்சி சமஸ்தானம் ஒரு டிராம் பாதை போட்டிருந்தது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிவரை சுமார் 80 கிலோமீட்டர். 1907 முதல் பல வருஷம் தேக்கும் ஈட்டி மரமும் அதில்தான் இறங்கின. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் இழுக்காது. கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரம் இறங்க இறங்கக் காலி வண்டி தானாக மேலேறும். கிணற்றில் இரட்டை வாளி இறைத்தவர்களுக்கு இது புரியும். சாலக்குடியில் ரயில் மாற்றிக் கொச்சித் துறைமுகம். இன்றைக்கு எங்கள் கடைக்கு ஆப்பிரிக்கத் தேக்கு ஹார்பர் வழியாக வருகிறது, போக்குத் தலைகீழ்!

அந்தக் காட்டின் வாசனையாவது வேண்டுமென்றால் வந்த வழியே திரும்பாமல் மளுக்கப்பாறை வழியாக வால்பாறைக்குப் போங்கள். செக்போஸ்ட்டை மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள். யானை குறுக்கே நின்றால் ஹார்ன் அடிக்காமல் காத்திருங்கள்.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி மாத்திரையை வால்பாறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பாதி வழியில் போட்டுப் பயனில்லை. என் மச்சானைக் கேட்டுப் பாருங்கள்.