மலை இறக்கத்தில் கால் பிரண்டது: ஷூவில் நான் செய்த மாற்றம்

தேனி மாவட்டத்தில் மலையடிவார முந்தலிலிருந்து மேலே போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். தார் ரோடு என்பதால், கார்பன் தகடு வைத்த தடித்த சோல் ஷூவில் ஓடி ஏறுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில் இப்படிப்பட்ட ஷூ சராசரியாக 4% ஆற்றலை மிச்சப்படுத்தியது. ஆனால் அது சமதளமான டிரெட்மில்லில் ஓடிப் பார்த்த கணக்கு.

அதே ஷூவோடு வனத்துறை அனுமதி வாங்கி குரங்கணி மலைப்பாதையில் இறங்கினேன். உருளைக் கல்லில் மிதித்ததும் கணுக்கால் பிரண்டுவிட்டது. மூன்று வாரம் ஓட்டமே இல்லை.

யோசித்தபோது காரணம் புரிந்தது. சோல் 40 மில்லிமீட்டர் உயரம். பாதம் தரையிலிருந்து அவ்வளவு எட்ட இருந்தால், கல் சற்றே சாய்ந்தாலும் கணுக்காலைத் திருப்பும் விசை கூடிவிடும். மெத்தென்ற நுரை ஒரு பக்கமாக அமுங்கும். விறைப்பான தகடு கல்லின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்காது. ஈரப்பாறையில் வழுக்கல் வேறு.

இப்போது மலைப்பாதைக்கென்று தனி ஷூ: சோல் 24 மில்லிமீட்டர், அடியில் 5 மில்லிமீட்டர் பற்கள், கூர்கல் குத்தாமல் இருக்க நடுவில் மெல்லிய தகடு.

அப்புறம் லேஸ். மேலே சும்மா விட்டிருக்கும் கடைசி ஓட்டையில் லேஸை நுழைத்து இரண்டு பக்கமும் சிறு வளையம் விட்டேன். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இறுக்கினேன். குதிகால் அசையாது, இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் இடிக்காது. என் கட்டைவிரல் நகம் கறுப்பது நின்றதே இதனால்தான்.

இறங்கும்போது காலடி எட்டையும் குறுக்கிக்கொண்டேன். பழைய ஷூவைத் தூக்கிப் போடவில்லை. ஞாயிறு காலையில் போடிமெட்டு ஏற்றத்துக்கு அதுதான்.