பணம் திரும்பி வந்ததே, அதுதான் தூண்டில்

வேளச்சேரியில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை என் கையில் கொடுத்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றார். திரையில் ஒரு டிரேடிங் ஆப். மேலே பச்சை எழுத்தில் 31 லட்சம் ரூபாய்க்குச் சமமான டாலர் கணக்கு. கீழே சிவப்பில் ஓர் அறிவிப்பு: லாபத்துக்கு 20 சதவீத வரி கட்டினால்தான் பணத்தை எடுக்க முடியும். அக்கா போட்டிருந்தது 9 லட்சம். வரிக்காக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

ஆரம்பம் ஒரு டேட்டிங் ஆப். சிங்கப்பூரில் வேலை என்று சொன்ன ஒருவர். நாலே நாளில் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது. தினமும் காலையில் "சாப்பிட்டீங்களா?" மூன்று வாரம் முதலீடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம்தான் ஒருநாள், பேச்சுவாக்கில், கிரிப்டோவில் தான் சம்பாதித்ததை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினார்.

"அவர் எங்கிட்ட பணமே கேட்கலையே" என்று அக்கா பலமுறை சொன்னார். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். இந்த மோசடியில் யாரும் கடன் கேட்பதில்லை, ஆஸ்பத்திரிச் செலவு சொல்லி அழுவதில்லை. "உங்க பேர்ல, உங்க கணக்குல நீங்களே போடுங்க" என்பார்கள். அந்த ஆப்பே அவர்களுடையது. அதில் ஏறும் இறங்கும் எண்கள் எதற்கும் சந்தையோடு தொடர்பில்லை.

அடுத்தது, எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு: கொஞ்சம் போட்டு, எடுத்துப் பார்த்து, நம்புவது. அக்காவும் ஏமாளி இல்லை. முதலில் 10,000 போட்டு, ஒரு வாரத்தில் 11,400 எடுத்தார். பணம் வங்கிக் கணக்குக்கே வந்தது. அதன் பிறகுதான் வைப்பு நிதியை உடைத்தார். அந்த 1,400 ரூபாயை அவர்கள் செலவாகவே நினைப்பதில்லை. சின்னத் தொகை திரும்பி வருவது, பெரிய தொகை திரும்பி வரும் என்பதற்குச் சான்றே அல்ல.

வீடியோ காலில் முகம் பார்த்தேன் என்பதும் அப்படித்தான். பேசுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருளும் இருக்கிறது. மியான்மரின் மியாவாடி போன்ற இடங்களில் வேலி போட்ட வளாகங்களில், வேலை என்று ஆசை காட்டி அழைத்துப்போகப்பட்டவர்களை அடைத்து வைத்து இந்த அரட்டையை நடத்துகிறார்கள். 2022-ல் அங்கே சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. ஆகவே ஆள் நிஜமா என்று துருவுவதைவிட, பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

அக்காவின் வங்கி ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தோம். ஆறு தடவை அனுப்பிய பணம் ஆறு வெவ்வேறு கணக்குகளுக்குப் போயிருந்தது. ஒன்று ஏதோ டிரேடர்ஸ், ஒன்று யாரோ ஒரு தனிநபர். ஒழுங்கான கிரிப்டோ நிறுவனத்துக்கு இப்படி நாளுக்கொரு பெயரில் பணம் போகாது. 2023 மார்ச்சிலிருந்து இந்தியாவில் இந்தச் சேவை தரும் நிறுவனங்கள் மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். அக்காவின் ஆப்போ வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் வழியாக இறக்கிய ஏபிகே, அதாவது பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாக போனில் நிறுவும் கோப்பு.

அந்த வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, 2022 ஏப்ரலிலிருந்து. அதை வருமான வரித் துறைக்கு நாம்தான் கட்டுகிறோம். விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ்ஸும் விற்ற தொகையிலிருந்தே கழியும். "முதலில் வரியைத் தனியாக அனுப்பு, பிறகு உன் பணத்தைத் தருகிறேன்" என்று எந்த ஆப் சொன்னாலும் அது பொய். கட்டினால் அடுத்து "கணக்குச் சரிபார்ப்புக் கட்டணம்" வரும்.

மனத்தைப் பிசைவது வேறு. அக்கா இதை நான்கு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மோசடிக்கு "பன்றி வெட்டு" என்று ஒரு பெயர் உண்டு, கொழுக்க வைத்து வெட்டுவது என்ற பொருளில். அது பணம் இழந்தவர்களைக் கூச வைத்து வாயடைக்கிறது, கைவிடுங்கள் என்று 2024-ல் இன்டர்போலே கேட்டுக்கொண்டது. அந்தக் கூச்சம்தான் நேரத்தைத் தின்கிறது. பணம் வங்கிக் கணக்கில் இருக்கும்வரை முடக்க வாய்ப்பு உண்டு. டாலர் மதிப்போடு பிணைந்த யூஎஸ்டிடி என்ற கிரிப்டோவாக மாறி வாலட் வாலட்டாக (கிரிப்டோ வைக்கும் கணக்குகள்) தாவிவிட்டால் பிடிப்பது மிகக் கடினம். எனவே தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் போன தேதி, தொகை, யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்), போன கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் அரட்டையை அழித்துவிடாதீர்கள், ஆப்பையும் நீக்காதீர்கள், அவைதான் ஆதாரம்.

அன்று மாலையே 1930-க்கு அடித்தோம். நகை பீரோவிலேயே இருக்கிறது. கடைசியாக அனுப்பியதில் ஒரு பகுதி மட்டும் ஒரு வங்கியில் முடக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்தது, மீதிக்கு வழக்கு நடக்கிறது. பத்தே நாளில் டெலிகிராமில் இன்னொருவர் வந்தார்: போன பணத்தை மீட்டுத் தருவாராம், முன்பணம் 15,000 போதுமாம். அக்கா அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேர்த்துவிட்டு, எண்ணை பிளாக் செய்தார்.