அகதிகள் வாரக் கலைமாலை: மண்டபம் எடுப்பது முதல் பஸ் காசு வரை

உலக அகதிகள் நாளான ஜூன் 20ஐ ஒட்டி, பிரிட்டனில் 1998 முதல் அகதிகள் வாரம் நடந்துவருகிறது. உங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில் நூறு பேருக்கு ஒரு கலைமாலை நடத்துவதென்றால் மார்ச்சிலேயே வேலையைத் தொடங்குங்கள். அகதிகளாக வந்தவர்கள் நான்கைந்து பேராவது முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்துவிட்டு, கடைசியில் ஒரு பாட்டுப் பாட அழைத்தால் அவர்கள் காட்சிப்பொருளாகிவிடுவார்கள்.

நாள் குறிக்கும்போது எல்லாருடைய பண்டிகைகளையும் விரதங்களையும் பாருங்கள். 2026இல் முஹர்ரம் ஜூன் நடுவிலேயே பிறக்கிறது. அதன் முதல் பத்து நாளும் ஷியாக்களுக்குத் துக்க நாள்கள். ஈரானியரும் ஹசாரா ஆப்கானியரும் உள்ள ஊரில் அப்போது ஆட்டபாட்டம் வைத்தால் பலர் வரமாட்டார்கள். எரித்திரிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களில் விரதம் காப்பவர்கள் புதன், வெள்ளியில் இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை. தேங்காய்ப்பால் விட்ட பருப்புக்கறி ஒரு பெரிய சட்டி இருந்தால் யாரும் வெறுந்தட்டோடு நிற்க நேராது. புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்களில் அரசால் ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சமையலறை கிடையாது. ஆகவே சமைக்க விரும்புபவர்களுக்காக மண்டபத்தின் சமையலறையைக் காலையிலிருந்தே எடுத்துவிடுங்கள். எள், கடலை, கோதுமை சேர்ந்தவற்றின் முன் அதை எழுதி வையுங்கள்.

அதிகம் சிக்கல் வருவது பணத்தில்தான். அசைலம் கேஸ், அதாவது புகலிடக் கோரிக்கை, முடியாதவர்களில் பெரும்பாலோருக்கு வேலை அனுமதி இல்லை. அவர்களுக்குக் கலைஞர் சம்பளம் கொடுத்தால், அது சட்டவிரோத வேலையாகி அவர்கள் கேஸையே பாதிக்கலாம். பரிசு வவுச்சரும் கூலியாகக் கருதப்படக்கூடும். பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்குத் தன்னார்வலராகப் பங்கெடுக்கலாம். உண்மையில் ஆன பயணச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கொடுக்கலாம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு மற்றக் கலைஞர்களுக்குரிய அதே சம்பளத்தைக் கொடுங்கள். இந்த வேறுபாட்டை ஒத்திகைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாக, அவரவர் மொழியில் சொல்லிவிட வேண்டும். மேடைக்குப் பின்னால் தெரியவந்தால் மனம் உடைந்துபோவார்கள்.

சுவரொட்டியில் அரபு, பாரசீகம், எரித்திரியர் பேசும் திக்ரின்யா, தமிழ் எனப் பல மொழிகள் வரும்போது எழுத்து உடையும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் அரபு எழுத்துகள் இணைப்பறுந்து இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். தமிழில் கொம்பும் காலும் இடம் மாறும். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தால் மட்டும் போதாது. அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியை அந்தந்த மொழிக்காரர் படித்துச் சரி சொல்ல வேண்டும்.

யாரிடமும் மேடையில் "எப்படித் தப்பி வந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். பழைய காயம் கிளறப்படுவது ஒருபுறம். பொதுவில் சொன்ன ஒரு தேதி புகலிட விசாரணையில் சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால், அதையே அவருக்கு எதிராகக் காட்ட முடியும். பெயர், வாத்தியம், பாட்டு எந்த ஊரது என்பது போதும். சில பெயர்களையும் அவரிடம் கேட்டபிறகே சொல்லுங்கள்.

படமெடுப்பதிலும் அதே கவனம் வேண்டும். சொந்த நாட்டில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு முகநூல் படமே ஆபத்தாகலாம். வாசலில் வண்ண ஒட்டிகள் வையுங்கள்: சிவப்பு ஒட்டியவரைப் படமெடுக்கக் கூடாது. மண்டபத்தின் ஒரு பக்கத்தையே படம் எடுக்காத பகுதியாக்கினால், கூட்டப் படத்தில் யாராவது தவறிச் சிக்குவதும் குறையும். வெளியிடுமுன் மறுபடியும் சம்மதம் கேளுங்கள்.

மேடையைப் பார்த்த வரிசை நாற்காலிகளைவிடப் பத்துப் பேர் அமரும் பத்து மேசைகள் நல்லது. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு தானாகத் தொடங்கும். ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் போன்ற மெல்லிய ஓசையுள்ளதை மேளத்துக்கு முன்பே வாசிக்க வையுங்கள், இல்லையேல் காதில் ஏறாது. பலூன் வேண்டாம், அது வெடிக்கும் சத்தம் ஷெல்லடி பார்த்தவர்களை உலுக்கும். ஓய்வெடுக்க அமைதியான அறை ஒன்று வேண்டும். மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

உணவு தரும் ஹோட்டலில் இருப்பவர் கைக்கு வாரத்துக்கு ஏறக்குறையப் பத்துப் பவுண்டுதான் வருகிறது. "டிக்கெட் கொண்டுவந்தால் காசு தருவோம்" என்றால் அவர் புறப்படவே மாட்டார். பஸ் பாஸை முந்தைய நாளே கையில் கொடுத்துவிடுங்கள். திரும்பிப் போகும் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்து, அதற்கு அரைமணி முன்பே நிகழ்ச்சியை முடியுங்கள்.