பெரிய மீன்தொட்டிக்குப் பம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி? பெட்டி மேல் இருக்கும் எண்ணைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

இரண்டடித் தொட்டி வரைக்கும் பம்பைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஏதோ ஒன்றை மாட்டினால் ஓடும், நின்றுபோனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். நான்கடி, ஐந்தடி என்று போகும்போது அந்தக் கணக்கு செல்லாது. தொட்டிக்கு அடியில் சம்ப் (மேலிருந்து வழியும் தண்ணீர் வந்து ஃபில்டராகும் சின்னத் தொட்டி), அதிலிருந்து தண்ணீரை மேலே தள்ள ஒரு ரிட்டர்ன் பம்ப், இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்டம். அந்தப் பம்ப் ராத்திரி நின்றுவிட்டால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் போகாது, மீன்கள் விடிவதற்குள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான், நானும் செய்திருக்கிறேன். பெட்டியில் '2000 லிட்டர்/மணி' என்று போட்டிருந்தால் நம் தொட்டிக்கு 2000 லிட்டர் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வது. வராது. ஏன் வராது, அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது என்று ஒரு தொட்டியை உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: தொட்டியை அளந்துகொள்ளுங்கள்

உள்ளளவு எடுங்கள், கண்ணாடியின் தடிமன் சேரக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். நம் உதாரணத் தொட்டி 120 × 45 × 60 செ.மீ., அதாவது 324 லிட்டர். ஆனால் விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை, மணலும் கல்லும் கட்டையும் வேறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 270 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: மணிக்கு எத்தனை சுற்று?

சாதாரண நன்னீர்த் தொட்டியில் மொத்தத் தண்ணீரும் மணிக்கு நான்கிலிருந்து ஆறு முறை ஃபில்டர் வழியாகப் போய் வந்தால் போதும். தங்கமீன், பெரிய சிக்லிட் மாதிரி அழுக்கு அதிகம் போடுகிறவர்களுக்கு ஏழு எட்டு முறை கூட வைக்கலாம். டிஸ்கஸ், ஏஞ்சல், குராமி இதெல்லாம் அமைதியான தண்ணீரை விரும்புபவை, வேகமான ஓட்டத்தில் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகும். கடல்மீன், பவளம் வளர்ப்பவர்கள் வேகமான நீரோட்டம் வேண்டும் என்று கேள்விப்பட்டு ரிட்டர்ன் பம்பையே ராட்சசனாக வாங்கிவிடுவார்கள். அந்த வேலை வேவ்மேக்கருக்கு உரியது, அதாவது தொட்டிக்குள்ளேயே தண்ணீரை அலைய வைக்கும் தனிக் கருவிக்கு. ரிட்டர்ன் பம்ப் மூன்றிலிருந்து ஐந்து சுற்று கொடுத்தால் அங்கேயும் போதும்.

நம் தொட்டிக்கு ஐந்து சுற்று எடுத்துக்கொண்டால் 270 × 5 = 1350 லிட்டர். இந்த 1350, மேலே தொட்டிக்குள் வந்து விழ வேண்டிய அளவு. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

படி 3: எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும்?

விஷயமே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பெட்டியில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: லிட்டர்/மணி, எச்-மேக்ஸ் என்று மீட்டரில் ஓர் உயரம், வாட்ஸ். முதல் எண், பம்ப் தண்ணீரை உயரம் ஏற்றாமல், பைப்பும் இல்லாமல், சும்மா தள்ளினால் கிடைப்பது. இரண்டாவது எண், பம்ப் தள்ளித் தள்ளி எந்த உயரத்தில் முட்டி நின்றுவிடுமோ அந்த உயரம். அங்கே ஒரு சொட்டுகூட வெளியே வராது. உங்கள் தொட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

அளப்பது எப்படி? சம்ப்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து மேலே தொட்டியில் பைப் முடியும் இடம் வரை நேர் உயரம். பம்ப் சம்ப்பின் அடியில் கிடக்கிறதே என்று அங்கிருந்து அளக்க வேண்டாம், தண்ணீர் மட்டம்தான் கணக்கு. நம் உதாரணத்தில் அது 1.2 மீட்டர். பைப்பின் உராய்வுக்கும் இரண்டு மூன்று எல்போக்களுக்கும் சேர்த்து இன்னொரு 0.3 போட்டு 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது 2000 லிட்டர், எச்-மேக்ஸ் 2 மீட்டர் உள்ள பம்பை எடுத்தால்? 1.5 என்பது 2-இல் முக்கால் பங்கு. முக்கால் உயரத்தை ஏறவே சக்தி போய்விட்டால் மிச்சம் சுமாராகக் கால் பங்கு, அதாவது 500 லிட்டர். நமக்கு வேண்டியதோ 1350! அதுவே 3000 லிட்டர், எச்-மேக்ஸ் 3 மீட்டர் பம்ப் என்றால் பாதி உயரம்தான், ஏறக்குறைய 1500 லிட்டர் வரும். இது நேர்கோட்டுக் கணக்கு. தயாரிப்பாளர் கொடுக்கும் வரைபடம் இருந்தால் அதையே பாருங்கள், பெரும்பாலும் அந்தக் கோடு கொஞ்சம் மேல்நோக்கி வளைந்து, நடு உயரத்தில் நம் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். வரைபடமே கொடுக்காத பம்பை நான் வாங்குவதில்லை.

சம்ப்புக்குப் பதிலாகக் கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா மாதிரி இருப்பது) வைத்திருப்பவர்களுக்கு இந்த உயரக் கணக்கு கிடையாது. அங்கே தண்ணீர் இறங்குவதும் ஏறுவதும் ஒரே மூடிய குழாய்ச் சுற்று, இறங்கும் தண்ணீரின் எடையே ஏறும் தண்ணீரைத் தூக்கிவிடும், பம்புக்கு உராய்வு மட்டும்தான் சுமை.

அப்புறம் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: மேலிருந்து ஓவர்ஃப்ளோவில் (தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் சம்ப்புக்குப் போகும் வழி) இறங்கும் அளவும் பம்ப் ஏற்றும் அளவும் சரியாகப் பொருந்த வேண்டாமா? பொருத்த வேண்டியதில்லை, அதுவே பொருந்திக்கொள்ளும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுதான் வழிந்து இறங்கும். இறங்கும் குழாய் தாங்குவதைவிட அதிகமாக ஏற்றாமல் இருந்தால் சரி.

படி 4: பைப்

இது சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் கோட்டை விடும் இடம். பம்பின் வாய் 25 மி.மீ. என்றால் பைப்பும் 25 அல்லது அதற்கு மேல். 'கையில் 16 மி.மீ. டியூப் இருக்கிறதே' என்று ரெட்யூசர் போட்டு மாட்டினால் மேலே போட்ட கணக்கெல்லாம் போச்சு. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் பக்கம் பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வால்வு) வையுங்கள். உறிஞ்சும் பக்கம் எதையும் அடைக்காதீர்கள்.

படி 5: ஏசியா, டிசியா?

ஏசி பம்ப் எளிமையானது. நடுவில் காந்த ரோட்டர், அதன் நுனியில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சின்னச் சுழலி), சுற்றி ரெசினில் புதைத்த காயில். ஒரே வேகம். சத்தம் கொஞ்சம் இருக்கும். டிசி பம்பில் கன்ட்ரோலர் இருக்கும், வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், மீனுக்குச் சாப்பாடு போடும்போது பத்து நிமிடம் நிறுத்தி வைக்கலாம், மின்சாரமும் குறைவாக எடுக்கும். 50 வாட்ஸ் பம்ப் நாள் முழுக்க ஓடினால் 1.2 யூனிட், வருடத்துக்கு 438 யூனிட். 25 வாட்ஸ் என்றால் அதில் பாதி. அதோடு, தண்ணீருக்குள் கிடக்கும் பம்ப் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகித் தொட்டித் தண்ணீருக்குத்தான் போகிறது, வெயில் காலத்தில் இது நன்றாகவே தெரியும்.

ஆனால் டிசியில் பழுதாக ஒரு பொருள் கூடுதலாக இருக்கிறது, அந்தக் கன்ட்ரோலர். சம்ப்பின் ஈரக்காற்றில், உப்புத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அதை மாட்டினால் பம்ப் நன்றாக இருக்கும்போதே அது போய்விடும். கன்ட்ரோலர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், முதல் தொட்டிக்கு ஒரு நல்ல ஏசி பம்ப் போதும். கையில் காசு இருந்தால் பெரிய பம்ப் ஒன்றுக்குப் பதில் நடுத்தரப் பம்ப் இரண்டு போடுங்கள், ஒன்று நின்றாலும் மற்றது பாதி வேலையாவது பார்க்கும்.

தண்ணீருக்குள் போடாமல் சம்ப்புக்கு வெளியே வைக்கும் பம்புகளும் உண்டு. ஐந்தடித் தொட்டி வரைக்கும் அது தேவைப்படாது, கசிவுக்கு இன்னும் இரண்டு இணைப்புகள் சேரும் என்பதுதான் மிச்சம். கழிவுநீர், கிணறு போன்ற வேலைகளுக்கான நீர்மூழ்கிப் பம்புகளை மட்டும் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். சிலவற்றின் உள்ளே எண்ணெய் இருக்கும், சீல் விட்டால் அது தண்ணீரில் கலந்துவிடும். பலவும் ஓயாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல.

படி 6: கழற்றிப் பாருங்கள்

முடிந்தால் வாங்கும் இடத்திலேயே. நல்ல பம்பின் முன்மூடியைக் கையாலேயே திருப்பிக் கழற்றலாம், ஸ்க்ரூடிரைவர் தேடவைக்கும் பம்பை நீங்கள் சுத்தம் செய்யவே மாட்டீர்கள். இம்பெல்லரைப் பிடித்து இழுங்கள். காந்தம் இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் அழுத்தி இழுத்தால் 'டக்' என்று வெளியே வரும். நடுவில் இருக்கும் மெல்லிய தண்டு வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் செராமிக், பளபளப்பாக இருந்தால் ஸ்டீல். உப்புத்தண்ணீருக்குச் செராமிக்தான், ஸ்டீல் துருப்பிடிக்கும். செராமிக் தண்டு எளிதில் தேயாது, துருப்பிடிக்காது, ஆனால் கை தவறிக் கீழே விழுந்தால் சாக்பீஸ் மாதிரி உடைந்துவிடும். அதன் இரண்டு முனையிலும் சின்ன ரப்பர் குமிழ் இருக்கிறதா பாருங்கள். அந்த ரப்பர் இல்லாத பம்ப்தான் கொஞ்ச நாளில் 'கடகட' என்று அடிக்க ஆரம்பிக்கும்.

தண்ணீர் படும் இடத்தில் செம்பு, பித்தளை எதுவும் வரக் கூடாது; இறால், நத்தை, பவளம் இவற்றுக்குச் செம்பு விஷம். பிறகு கடைசியாக ஒரு கேள்வி: இந்த மாடலுக்கு இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா? 'அதெல்லாம் போகாது' என்று பதில் வந்தால் கிடைக்காது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் பம்பை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, சுவிட்சைப் பத்து முறை போட்டு அணையுங்கள், ஒவ்வொரு முறையும் அரை நிமிட இடைவெளி விட்டு. ஓடிக்கொண்டே இருப்பது எந்தப் பம்புக்கும் சுலபம். நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்புவதில்தான் மட்டமான பம்புகள் மாட்டிக்கொள்ளும்: 'ம்ம்ம்' என்று முனகும், தண்ணீர் வராது. பத்தில் ஒருமுறை முனகினாலும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 7: கரண்ட் போனால் என்ன நடக்கும்?

என்னுடைய முதல் சம்ப் தொட்டியை ஒரு சாயங்காலம் ஓட்டிப் பார்த்து, எல்லாம் பிரமாதம் என்று படுக்கப் போனேன். நடு இரவில் கரண்ட் போயிருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை வைத்தால் தரையெல்லாம் தண்ணீர். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் பைப் வழியாகத் தொட்டித் தண்ணீர் தலைகீழாகச் சம்ப்புக்கு வர ஆரம்பித்து, பைப்பின் வாய் தண்ணீருக்கு வெளியே தெரியும் வரை இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பம்பில் ஒரு குறையும் இல்லை, பைப்பை ஆழமாக இறக்கியது நான்.

கணக்கு எளிது. 120 × 45 தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். பைப்பின் வாய் மட்டத்துக்குக் கீழே 5 செ.மீ. இருந்தால் 27 லிட்டர் கீழே வரும். சம்ப்பின் அடிப்பரப்பு 60 × 35 என்றால் அந்த 27 லிட்டருக்கு ஏறக்குறைய 13 செ.மீ. இடம் சம்ப்பில் காலியாக இருக்க வேண்டும். என் சம்ப்பில் நான்கு விரல்கூட இல்லை.

அதனால் பைப்பின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து அந்தத் தலைகீழ் ஓட்டம் (சைஃபன்) உடையும், ஆனால் பாசி அடைத்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, கடுகளவு நத்தை ஒன்று உள்ளே உட்கார்ந்தாலே அது மூடாது. எல்லாம் மாட்டி முடித்ததும் நீங்களே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் நிற்கும் வரை பக்கத்தில் நின்று பாருங்கள். சம்ப் வழியவில்லை என்றால், பம்பை மறுபடி ஓடவிட்டு, ஓடும்போது சம்ப்பில் நிற்கும் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுவைத்தால், பிற்பாடு சம்ப்பில் தண்ணீர் ஊற்றும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. தொட்டியில் ஆவியாகும் தண்ணீர் முழுவதும் சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில்தான் குறையும். அந்த அறை 35 × 20 செ.மீ. என்றால் 3.5 லிட்டர் ஆவியானதும் 5 செ.மீ. இறங்கிவிடும். பம்ப் காற்றைக் குடிக்க ஆரம்பித்தால் சத்தம் வரும், குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் சூடாகிக் கெட்டுப்போகும். தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

படி 8: ஷாக் அடிக்காமல்

வயர் பிளக்குக்கு நேராக வரக் கூடாது. ஒருமுறை பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கிவிட்டு மேலேறினால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். தண்ணீரில் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், இதில் சோம்பல் வேண்டாம்.

படி 9: உங்கள் எண்ணை நீங்களே எடுங்கள்

பைப்பின் வாயைத் தொட்டிக்கு மேலே அதே உயரத்தில் பிடித்து 10 லிட்டர் வாளியை நிரப்புங்கள், எத்தனை நொடி என்று போனில் பாருங்கள். 24 நொடி ஆனால் மணிக்கு 1500 லிட்டர். நமக்கு வேண்டியது 1350, ஆகவே இந்தப் பம்ப் சரி. தேதியையும் '24 நொடி' என்பதையும் ஒரு டேப்பில் எழுதி ஸ்டாண்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வாளி, அதே உயரம். 24 என்பது 35-ஐத் தொட்டால் ஓட்டம் மணிக்கு ஆயிரம் லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். பம்பைக் கழற்றி, பழைய டூத்பிரஷால் தேய்த்து, வெள்ளை உப்புப் படிந்திருந்தால் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். அப்படியும் நொடி குறையவில்லையா? பைப்பின் உள்ளே பாசி பிடித்திருக்கிறதா பாருங்கள், அதுவும் சுத்தமாக இருந்தால் இம்பெல்லரை மாற்றுங்கள். மோட்டாரைச் சந்தேகப்படுவது அதற்கு அப்புறம்தான்.