இருவர், இரண்டு சைக்கிள், மூன்று பண்ணை: நெடும்பயணத்துக்குத் தயாராவது எப்படி?

வெளிநாட்டில் ஜோடியாகச் சைக்கிளில் சுற்ற வேண்டும், வழியில் பண்ணைகளில் தங்கி வேலை செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னிடமும் என் கணவரிடமும் முதலில் கேட்பது, “எந்த சைக்கிள் வாங்கலாம்?” என்றுதான். முதலில் முடிவு செய்ய வேண்டியது பண்ணையை. சைக்கிள் அப்புறம்.

முதல் பயணத்தில் நாங்கள் வரைபடத்தில் பாதையைப் போட்டுவிட்டு, அதன் ஓரத்தில் பண்ணை தேடினோம். ஒன்றுக்கு அறுவடை முடிந்தபின் போய்ச் சேர்ந்தோம். இன்னொன்றில் நான்கு நாள்தான் தங்க முடிந்தது. களைக்கொத்தைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்ட அன்றே கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்த முறை மூன்று பண்ணைகளை முதலில் உறுதி செய்துவிட்டு, கம்பம் நட்டபின் கொடி கட்டுவதுபோல அவற்றுக்கு நடுவே பாதையை இழுத்தோம். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இரண்டாவது முறையில் கற்றவை.

படி 1: பண்ணைகளைத் தேர்ந்தெடுங்கள்

இதற்குப் பழைய, பரவலான வழி வூஃப் (WWOOF) அமைப்பு. 1971-இல் சூ கொப்பார்ட் என்ற லண்டன் அலுவலகப் பணியாளர், நகரவாசிகள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் உதவட்டும் என்று தொடங்கியது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் நாளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வேலை. பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். சம்பளம் கிடையாது. உறுப்பினர் பதிவு நாட்டுக்கு நாடு வேறு என்பதால், இரண்டு நாடுகளில் பண்ணை பார்க்கிறீர்கள் என்றால் இரண்டு பதிவுகளுக்கான கட்டணத்தைக் கணக்கில் வையுங்கள். ஜோடிக்குச் சேர்த்து ஒரே பதிவு பல இடங்களில் உண்டு. வொர்க்அவே (Workaway) இணையதளத்திலும் பண்ணைகள் கிடைக்கும். ஆனால் அங்கே விடுதி, வீட்டு வேலை எல்லாம் கலந்திருக்கும், விவரத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பருவத்தைப் பார்த்துத் தேடுங்கள். ஐரோப்பாவில் திராட்சை அறுவடை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர். மத்தியதரைக்கடல் ஓரத்து ஆலிவ் அறுவடை அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலம்வரை நீளும். நாற்று நடவும் பாத்தி வேலையும் வசந்தத்தில்.

எத்தனை பண்ணை? மூன்று மாதத்துக்கு மூன்று போதும், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு வாரம். முதல் மூன்று நாள் நாம் பண்ணைக்காரர்களுக்குக் கூடுதல் வேலைதான். கருவி எங்கே, கதவை எப்படிச் சாத்துவது என்று ஒவ்வொன்றும் சொல்லித்தர வேண்டும். ஒரு வாரம் போனபிறகுதான் உண்மையாகவே உதவ ஆரம்பிப்போம். அதற்குள் கிளம்புவது அவர்களுக்கும் நியாயம் இல்லை.

இப்போது தூரத்தைக் கணக்கிடலாம். 90 நாளில் பண்ணைக்கு 45 போனால் மீதி 45. வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வும் மழையும் போக, சைக்கிள் ஓட்டக் கிடைப்பது சுமார் 32 நாள். சுமையோடு புதியவர்கள் நாளுக்கு 50 கி.மீ. நிதானமாகப் போகலாம். மொத்தம் 1,600. வழி தவறுவதற்கும் சுற்றிப் போவதற்கும் 300 ஒதுக்குங்கள். ஆக, முதல் பண்ணைக்கும் கடைசிப் பண்ணைக்கும் இடையே 1,300 கி.மீ.க்கு மேல் போக வேண்டாம். இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்புபவர்கள்தான் கடைசி வாரம் ரயிலைத் தேடுகிறார்கள்.

படி 2: பண்ணைக்காரருக்கு எழுதுங்கள்

ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாக எழுதுவது நல்லது. ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் படித்ததும் தெரிந்துவிடும். அவர்கள் பண்ணையில் எது உங்களை இழுத்தது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். பிறகு இந்த மாதிரி:

“நாங்கள் இருவர், தம்பதி. சைக்கிளில் வருகிறோம். அதனால் செப்டம்பர் 10 முதல் 12-க்குள் ஏதாவது ஒரு நாளில் வந்து சேர்வோம். மூன்று நாள் முன்பே சரியான தேதியைச் சொல்லிவிடுவோம். இரண்டு வாரம் தங்க விரும்புகிறோம். இருவருமே வேலை செய்வோம். எங்களில் ஒருவருக்கு முதுகில் சிக்கல், பாரம் தூக்க முடியாது. களை எடுப்பது, செடியடி மண்ணை மூட மூடாக்குப் போடுவது, சமையல் எல்லாம் செய்வார்.”

உடம்பில் உள்ள குறையை மறைக்காதீர்கள். அங்கே போனபின் தெரிவதைவிட முன்பே தெரிந்தால், அவர்களே பொருத்தமான வேலையை ஒதுக்கிவைப்பார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. தங்குவது தனி அறையா, கேரவனா, சொந்த டென்ட்டா? தினம் எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் விடுமுறை? சாப்பாடு ஒன்றாகவா, நாமே சமைப்பதா? இரவில் சைக்கிளை மழைபடாமல் வைக்க இடம் உண்டா? ரப்பர் பூட்ஸ் அங்கே கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இருவருக்கும் பூட்ஸைச் சைக்கிளில் சுமப்பது பெரிய பாரம்.

படி 3: டிக்கெட்டுக்கு முன் விசா

பணம் வாங்கவில்லை என்பதால் அது வேலை ஆகாது என்று நினைக்காதீர்கள். நியூசிலாந்தில் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பதிலாகப் பண்ணையில் உழைப்பதும் வேலைதான். அதற்கு அனுமதியுள்ள விசா வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. அந்தந்த நாட்டுத் தூதரகத்திடம் “பண்ணையில் தன்னார்வ வேலை, பதிலுக்கு உணவும் இருப்பிடமும்” என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கேளுங்கள். பதிலை அச்செடுத்துப் பையில் வையுங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகளின் கூட்டம்) குறுகிய காலத் தங்கலுக்கு, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் உச்சம். எல்லை தாண்டிப் பக்கத்து ஷெங்கன் நாட்டுக்குப் போனாலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது.

படி 4: சரி, இப்போது சைக்கிள்

விலையைவிட முக்கியமானவை சில உண்டு. கேரியரைத் திருகி மாட்டச் சட்டத்தில் துளைகள் வேண்டும். டயர் 40 மி.மீ. அகலமாவது இருந்தால் மண் சாலையிலும் பண்ணை வழியிலும் பிரச்சினை இல்லை. பின் சக்கரத்தில் 36 ஸ்போக்ஸ் இருந்தால் நிம்மதி. ஸ்போக்ஸ் அதிகம் உடைவது பாரம் இறங்கும் அந்தச் சக்கரத்தில்தான். ஏற்றத்துக்கு, மிகச் சிறிய முன் பல்சக்கரத்தின் பற்கள் மிகப் பெரிய பின் பல்சக்கரத்தின் பற்களைவிடக் குறைவாக இருக்கட்டும். முழங்கால் வாழ்த்தும்.

ஜோடிக்கென்று ஒரு விதி: இரண்டு சைக்கிளுக்கும் ஒரே அளவு சக்கரம், ஒரே வகை பிரேக், ஒரே வகை செயின். அப்போதுதான் உதிரிப் பாகங்கள் இருவருக்கும் பொதுவாகும், சுமை பாதியாகும். ஒரே சைக்கிளில் இருவர் மிதிக்கும் டேண்டம் அழகானதுதான். ஆனால் அதன் பாகங்கள் சின்ன ஊர்களில் கிடைப்பது கடினம். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்சார சைக்கிளும் அப்படியே: 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது, இந்த சைக்கிள்களின் பேட்டரி பெரும்பாலும் அதைவிடப் பெரியது.

பஞ்சர் ஒட்டுவது, அறுந்த செயினைச் சேர்ப்பது, பிரேக் கட்டை மாற்றுவது, சக்கரக் கோட்டம் எடுப்பது: இந்த நான்கையும் இருவரும் தனித்தனியாகச் செய்து பழகுங்கள். ஒருவர் மட்டும் மெக்கானிக்காக இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று இருவரும் நின்றுவிடுவீர்கள்.

படி 5: சுமையைப் பங்கிடுங்கள்

பாதிப் பாதி என்று பிரிக்காதீர்கள். வேகமாகப் போகிறவர் டென்ட், பாத்திரம், கருவிகளை எடுத்துக்கொள்ளட்டும். மெதுவாகப் போகிறவர் தூக்கப்பைகளையும் துணியையும் எடுத்துக்கொண்டால் வேகம் தானாகச் சமமாகும். ஆனால் பம்ப், ஒரு டியூப், தண்ணீர், பணம், பாஸ்போர்ட் நகல் மட்டும் ஒவ்வொருவரிடமும் தனியாக இருக்க வேண்டும்.

படி 6: ஒத்திகை

முழுச் சுமையோடு இரண்டு இரவுப் பயணம் ஒன்று போய்வாருங்கள். திரும்பியதும், தொடாத பொருட்களை எடுத்து வெளியே வையுங்கள். பண்ணைக்கும் ஒத்திகை உண்டு. சைக்கிளால் தொடை உரமேறும். குனிந்து களை எடுக்கும் முதுகு அதனால் பழகாது. தினம் கால்மணி நேரமாவது குத்தவைத்து உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: விமானத்தில் ஏற்றுவது

அட்டைப்பெட்டியில் வைக்கப் பெடலைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறந்து பலர் இறுக்கிவிடுகிறார்கள். ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் டயரிலும் பூட்ஸிலும் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். பண்ணை மண்ணோடு பயிர் நோய் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று அங்கே சோதிப்பார்கள். அந்த அக்கறை சரியானதுதான்.

படி 8: சாலையில்

முதல் பாதைக்கு ஆற்றோரத்தைத் தேர்ந்தெடுங்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல்வரை போகும் யூரோவெலோ 6 என்ற சைக்கிள் பாதை பெரும்பாலும் லுவார், ரைன், டான்யூப் நதிகளை ஒட்டியே போகிறது. மேற்கிலிருந்து கிழக்கே போனால் காற்று பல நாள் முதுகில் இருக்கும். ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னாவரை டான்யூப் ஓரம் 300 கி.மீ.க்குச் சற்று மேல். புதியவர்களுக்கு அதைவிட இதமான தொடக்கம் நான் பார்த்ததில்லை. இரவு தங்க, சைக்கிள் பயணிகளுக்கு வீட்டில் இடம் தரும் வார்ம் ஷவர்ஸ் என்ற வலையமைப்பும் இருக்கிறது.

மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னால் போனால் ஒவ்வொரு மேட்டிலும் நின்று ஓய்வெடுப்பார். பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் வேகமானவர் கிளம்பிவிடுவார். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. நாங்கள் சாலையில் போட்ட சண்டைகளில் பாதி இதனால் வந்தவை, மீதி பசியால். ஆகவே, ஒவ்வொரு திருப்பத்திலும் மற்றவர் கண்ணில் படும்வரை நில்லுங்கள். பசிக்கும் முன்பே, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது சாப்பிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் பாதையை மாற்றும் பேச்சே வேண்டாம்.

படி 9: பண்ணையில்

முந்தைய இரவு பக்கத்து ஊரில் தங்கி, பகலில் போய்ச் சேருங்கள். இருட்டில், சேறோடு, பசியோடு போய்க் கதவைத் தட்டினால் அவர்களுக்கும் சிரமம். முதல் நாள் சொன்னதைச் சொன்னபடி செய்யுங்கள். களை எது, நாற்று எது என்று சந்தேகம் வந்தால் பிடுங்காமல் கேளுங்கள். கதவுகளைத் திறந்திருந்தால் திறந்தே, சாத்தியிருந்தால் சாத்தியே விடுங்கள். ஆட்டுப்பட்டி உள்ள பண்ணையில் இதற்கு மேல் ஒரு விதி இல்லை.

இருவரையும் தனித்தனி வேலைக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். நாள் முழுக்க ஒரே சாலையைப் பார்த்து வந்த இருவருக்கு, இரவு சாப்பாட்டின்போது ஒருவருக்கொருவர் சொல்லப் புதிதாக ஏதோ இருக்கும். நான் கிளைகளைக் கத்தரிக்கும் கவாத்து கற்றதும் என் கணவர் பாலாடைக்கட்டி செய்யக் கற்றதும் அப்படித்தான்.

ஆறு மணி நேரம் என்று பேசியது தினமும் ஒன்பதாக நீண்டால், மூன்றாம் நாளே பணிவாகச் சொல்லுங்கள். மாறவில்லை என்றால் கிளம்பிவிடலாம், அதில் தவறில்லை. அதற்காகவே இரண்டு மூன்று இரவு விடுதியில் தங்கும் பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள்.

படி 10: கிளம்பும் நாள்

இரண்டு வாரம் சும்மா நின்ற சைக்கிளில் காற்று இறங்கியிருக்கும், செயின் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். முந்தைய மாலையே காற்றடித்து, எண்ணெய் விட்டு, கேரியர் திருகுகளை இறுக்குங்கள். முதல் நாள் 30 கி.மீ. போதும், சீட்டும் உடம்பும் மறுபடி பழக வேண்டும். அப்புறம், ஒரு பையில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். எங்களுக்கு அமைந்த பண்ணைக்காரர்கள் யாரும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கடைசியாகக் கிளம்பியபோது கிடைத்தது இரண்டு கிலோ ஆப்பிளும் ஒரு கண்ணாடி ஜாடி தேனும். அந்த ஜாடியைத் துண்டில் சுற்றி, தூக்கப்பைகளுக்கு நடுவே வைத்து, 400 கி.மீ. உடையாமல் கொண்டுபோனோம்.